பதினொருவர் படை

கால்பந்துக் களம் சுமார் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டது. கோல்கீப்பரைத் தவிர்த்தால் ஓர் அணிக்கு அதில் பத்துப் பேர். ஏழாயிரம் சதுர மீட்டருக்கும் மேற்பட்ட நிலத்தைப் பத்துப் பேரைக் கொண்டு முழுவதும் காப்பது யாராலும் ஆகாது. எந்த இடத்தை விட்டுக்கொடுக்கலாம், எங்கே ஆளைக் குவிக்க வேண்டும், எதிரணியை எந்தப் பக்கம் இழுத்து எந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்ற கேள்விகள் ஒவ்வொரு பயிற்சியாளர் முன்பும் நிற்கின்றன. இதே கேள்விகளைப் படைத்தலைவர்கள் பல நூற்றாண்டுகளாகக் கேட்டு, விடைகளை எழுதியும் வைத்திருக்கிறார்கள். போர்க்கலையின் கருத்துகள் கால்பந்துக்குப் பயன்படுவது இதனால்தான்.

இந்தியாவில் அந்தக் கருத்துகள் மிகத் தெளிவாகச் செயல்பட்ட ஊர் ஹைதராபாத். 1950 முதல் 1963 வரை இந்திய அணியைப் பயிற்றுவித்த சையது அப்துல் ரஹீம் இந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர். அவர் வளர்த்த ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி, பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை 1950 தொடங்கி 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. அவர் தலைமையில் இந்தியா 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் பெற்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அரையிறுதி வரை சென்றது. ரஹீம் படையில் பணியாற்றியவர் அல்லர். ஆனாலும் அவர் களத்தில் செய்த பெரிய காரியங்கள் ஒவ்வொன்றுக்கும் போர்நூல்களில் ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர்களைக் கொண்டு பார்க்கும்போது அவருடைய வெற்றியும், அவருக்குப் பின் வந்த நீண்ட சரிவும் இன்னும் நன்றாகப் புரிகின்றன.

பாளையத்து ஆட்டம்

ஹைதராபாத்துக்கு அருகில் ஹுசைன் சாகர் ஏரிக்கு வடக்கே பிரிட்டிஷ் படை தங்கியிருந்த பாளையம், நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806இல் செகந்திராபாத் ஆயிற்று. இந்தியாவின் மற்றப் பாளையங்களைப் போலவே இங்கும் கால்பந்து ரெஜிமென்ட்களோடு வந்தது. நாட்டின் மிகப் பழைய போட்டிகளான டூரண்ட் கோப்பையும் (1888, சிம்லா) ரோவர்ஸ் கோப்பையும் (1891, பம்பாய்) தொடக்கத்தில் பெரும்பாலும் படை அணிகளின் போட்டிகளாகவே இருந்தன. டூரண்ட் கோப்பையை இந்தியக் குடிமக்கள் அணி ஒன்று முதன்முறையாக வெல்ல 1940 வரை ஆனது. கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் அந்த ஆண்டு இறுதியாட்டத்தில் ராயல் வார்விக்ஷயர் ரெஜிமென்ட்டைத் தோற்கடித்தது. இன்றும் டூரண்ட் போட்டியை நடத்துவது முப்படைகள்தான்.

படை அணிகள் ஆடிய ஆட்டத்தில் போர்த்தந்திரம் என்று சொல்லத்தக்கது குறைவு. தடித்த பூட்ஸ், நீண்ட உதை, தோள்பலம், பந்தின் பின்னால் கூட்டமாக ஓடுவது ஆகியவற்றையே அவை நம்பின. வெறுங்காலில் ஆடிய இந்திய அணிகள் இதற்கு எதிராகக் குறும் பாஸ்களையும் விரைவான திருப்பங்களையும் வளர்த்துக்கொண்டன. கனத்த படையை இலகுவான படை எதிர்கொள்ள வேண்டிய நிலை அது. நேர்மோதலைத் தவிர்த்து, அசைவால் வெல்ல வேண்டும். ஹைதராபாத் ஆட்டத்தின் அடிப்படை இந்தக் கட்டாயத்தில் உருவானது.

படைக்கும் ஊர்க் கால்பந்துக்கும் இடையே ஆட்களும் வந்து போனார்கள். 1935இல் ஹைதராபாத்தில் பிறந்த பீட்டர் தங்கராஜ், செகந்திராபாத் கிளப்களில் ஆடத் தொடங்கி, பிறகு இந்தியப் படையில் சேர்ந்து வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்குப் போனார். முன்கள வீரராக ஆடிக்கொண்டிருந்தவர் கோல்கீப்பராக மாறினார். 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பை அந்த அணிக்குக் கிடைத்தது. ரஹீமின் மகன் எஸ்.எஸ். ஹக்கீம் 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்தவர். விமானப்படையில் ஸ்குவாட்ரன் லீடராகப் பணியாற்றினார்.

ஹைதராபாத்தின் பெரிய ஆட்டங்கள் நடந்த ஃபதே மைதானத்துக்கும் படைப் பின்னணி உண்டு. 1687இல் கோல்கொண்டாவை முற்றுகையிட்ட முகலாயப் படை பாளையமிறங்கிய வெளி அது. இப்போது அங்கே லால் பகதூர் ஸ்டேடியம் இருக்கிறது.

ஆள்பலமும் குவிப்பும்

மொத்த எண்ணிக்கையில் சமமாக உள்ள இரண்டு படைகளில், மோதும் இடத்தில் அதிக ஆட்களைச் சேர்க்கும் படை வெல்லும். எல்லாப் போர்நூல்களும் ஒருமிக்கும் விதி இது. 1916இல் பிரிட்டிஷ் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் இதற்கு ஒரு கணக்கே போட்டார். தொலைவிலிருந்து சுடும் ஆயுதங்களைக் கொண்ட படைகளில், மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தின் உண்மையான பலன் மூன்றுக்கு இரண்டு அன்று; ஒன்பதுக்கு நான்கு. கால்பந்தில் யாரும் சுடப்பட்டு விழுவதில்லை என்பதால் அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் அதன் உட்பொருள் பொருந்துகிறது. பக்கக் கோட்டருகே தாக்குபவர் மூவரும் தடுப்பவர் இருவரும் இருந்தால், எப்போதும் ஒருவர் காவலின்றி நிற்பார். அவரிடம் பந்து போய்ச் சேரும் வேகம்தான் மிச்சக் கேள்வி.

ரஹீமின் பயிற்சி முழுவதும் அந்த மிச்சக் கேள்விக்கு விடையாக அமைந்தது. வீரர் ஓடும் வேகத்தைவிடப் பந்து ஓடும் வேகம் அதிகம். ஒருவர் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு வித்தை காட்டும் ஒவ்வொரு நொடியிலும் எதிரணியின் மூன்றாவது ஆள் வந்து சேர்ந்துவிடுவார். குவித்த பலம் கரைந்துவிடும். எனவே அவர் டிரிப்ளிங்கைத் தடை செய்த போட்டிகளை நடத்தினார். வலுக்குறைந்த காலால் மட்டுமே பந்தை உதைக்கலாம் என்ற விதியுடனும் போட்டிகள் நடத்தினார். இடதுகால் வராத வீரருக்கு எதிராகத் தடுப்பாட்டக்காரர் ஒரு பக்கத்தை அடைத்தால் போதும். இரு காலும் வரும் வீரருக்கு எதிராக இரண்டு பக்கத்தையும் அடைக்க வேண்டும். இப்படி ஒரே வீரரால் எதிரணியின் காவல் பரப்பு இரட்டிக்கிறது. சிப்பாய்களுக்குத் தினசரி டிரில் கொடுப்பது போல இவற்றை அவர் பழக்கினார். வீரர்களின் இயல்பான திறமையை அடக்கினார் என்று இதைக் குறை சொல்ல இடமில்லை. முன்கள வீரர்களான சுனி கோஸ்வாமியும் துளசிதாஸ் பலராமும் அவரிடம் ஆடியபோதுதான் தங்கள் உச்சத்தைத் தொட்டார்கள்.

பலராம் செகந்திராபாத் அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பயிற்சிக்கு வர வழியில்லாத இளைஞனுக்கு வாடகை சைக்கிளுக்காக ரஹீம் தினமும் பணம் கொடுத்ததைப் பலராமே பின்னாளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். படைக்கு ஆள் சேர்ப்பதும் தலைவனின் வேலைதான். எந்த அகாடமியும் இல்லாத நாட்டில் ரஹீம் அதைத் தன் சட்டைப்பையிலிருந்து செய்தார்.

பொய்ப் பின்வாங்கல்

போர் வரலாற்றில் திரும்பத் திரும்பப் பலித்த தந்திரம், தோற்று ஓடுவது போலக் காட்டி எதிரியின் வரிசையைக் குலைப்பது. கி.மு. 216இல் கானேயில் ஹன்னிபாலின் நடுப்படை மெல்லப் பின்னால் வளைந்தது. ரோமப் படை அந்த வளைவுக்குள் புகுந்தது. இரு இறக்கைகளும் மூடிக்கொண்டன. 1192இல் இரண்டாம் தராயின் போரில் முகமது கோரியின் குதிரை வில்லாளிகள் நெருங்குவதும் விலகுவதுமாகப் பிருத்விராஜனின் படையைச் சோர்வடையச் செய்தார்கள். கடைசியில் ஒதுக்கி வைத்திருந்த புதிய படை இறங்கியது. இங்கே வெற்றிக்குக் காரணம் பின்வாங்கியவனின் திறமை மட்டுமன்று. துரத்தியவன் தன் இடத்தை விட்டு வந்ததும் காரணம்.

கால்பந்தில் இதன் மிகப் புகழ்பெற்ற வடிவம் 1953 நவம்பர் 25 அன்று லண்டன் வெம்ப்ளியில் நடந்தது. 1925இல் ஆஃப்சைடு விதி மாறியதும், ஹெர்பர்ட் சாப்மனின் ஆர்சனல் அணி நடுக்கள வீரர் ஒருவரைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது தடுப்பாட்டக்காரராக்கியது. அன்றிலிருந்து இங்கிலாந்தில் ஒவ்வொரு சென்டர் ஃபார்வர்டுக்கும் ஒரு காவலர் என்பது வழக்கம். ஹங்கேரியின் நாந்தோர் ஹிடெக்குட்டி ஒன்பதாம் எண் சட்டையுடன் வந்தார். ஆனால் முன்னால் நிற்காமல் நடுக்களத்துக்கு இறங்கிவிட்டார். அவரைக் காக்க வேண்டிய ஹாரி ஜான்ஸ்டன் பின்தொடர்ந்து போனால் கோலுக்கு முன்னால் பெரிய வெளி திறந்தது. போகாமல் நின்றால் ஹிடெக்குட்டிக்குக் காவலே இல்லை. ஹங்கேரி 6-3 என வென்றது. ஹிடெக்குட்டி மூன்று கோல் போட்டார்.

இந்தியாவுக்கு இந்தப் பாடம் அதற்கு முந்தைய ஆண்டே வலியோடு அறிமுகமாகிவிட்டது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், பலர் வெறுங்காலோடு ஆடிய இந்திய அணியை யுகோஸ்லாவியா 10-1 என நொறுக்கியது. அதே யுகோஸ்லாவியாவை இறுதியாட்டத்தில் 2-0 என வென்றது ஹங்கேரி. தோற்ற தலைவன் முதலில் செய்ய வேண்டியது, தன்னை வென்றவனை வென்றவன் யார் என்று பார்ப்பது. ரஹீம் பார்த்தார். அந்தத் தோல்விக்குப் பிறகு இந்திய வீரர்கள் பூட்ஸ் அணிவது கட்டாயமாயிற்று. முன்கள வரிசையில் ஒருவரைப் பின்னுக்கு இறக்கி ஆடும் ஹங்கேரியப் பாணியை ரஹீம் தன் வீரர்களின் கால்களுக்கு ஏற்ப மாற்றி அமைத்தார். நான்கு பேர் தடுக்க, இருவர் நடுவில் ஓட, நால்வர் தாக்கும் 4-2-4 முறையை, 1958 உலகக் கோப்பையில் பிரேசில் உலகுக்குக் காட்டுவதற்கு முன்பே ஹைதராபாத் ஆடிவிட்டது என்று இந்த ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். யார் முந்தியவர் என்ற போட்டி அவ்வளவு முக்கியமில்லை. ஐரோப்பாவில் நடந்த மாற்றம் சில ஆண்டுகளுக்குள் ஓர் இந்தியப் பள்ளி ஆசிரியரின் கையில் வேலை செய்யத் தொடங்கியது என்பதே பெரிய செய்தி.

பலன் 1956இல் மெல்போர்னில் தெரிந்தது. ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் இந்தியா 4-2 என வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல். நான்காவது, கிட்டு என்று அழைக்கப்பட்ட ஜே. கிருஷ்ணசாமியுடையது. அரையிறுதியில் மீண்டும் யுகோஸ்லாவியா. இந்த முறை முதல் கோல் இந்தியாவுடையது. பிறகு 4-1 எனத் தோற்றாலும், பத்து கோல் வாங்கிய அணிக்கும் இந்த அணிக்கும் இடையே நான்கே ஆண்டுகள்தான். 1960இல் ரோமில் ஹங்கேரியிடம் 2-1 என்ற நூலிழைத் தோல்வி. இந்தியாவின் கோலை அடித்தவர் பலராம். பிரான்ஸுடன் 1-1 சமன்.

ஜகார்த்தா 1962

அர்த்தசாஸ்திரத்தின் பத்தாம் பகுதி படை அணிவகுப்பைப் பேசுகிறது. நடுப்பகுதி, அதன் விலாக்கள், இறக்கைகள், பின்னால் சேமப்படை. சேமப்படை இல்லாமல் அரசன் போருக்கு நிற்கக் கூடாது என்பது கௌடில்யரின் கண்டிப்பு. பழைய கால்பந்து இந்த அறிவுரையைப் பின்பற்ற வழியில்லாமல் இருந்தது. உலகக் கோப்பையில் மாற்று வீரர்களை அனுமதித்ததே 1970இல்தான். அதற்கு முன் சேமப்படை என்ற ஒன்று வேண்டுமானால், அது களத்தில் நிற்கும் பதினொருவருக்குள்ளேயே ஒளிந்திருக்க வேண்டும். ஒருவர் இரண்டு மூன்று இடங்களில் ஆடத் தெரிந்தவராக இருந்தால் மட்டுமே அது முடியும். ஹைதராபாத்தின் யூசுஃப் கான் அப்படி வார்க்கப்பட்டவர்; முன்களத்திலும் நடுக்களத்திலும் தேவைக்கேற்ப இடம் மாறியவர்.

1962 ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 எனத் தோற்றது. அடுத்து தாய்லாந்தை 4-1 என வென்றாலும் விலை பெரிது. தடுப்பரணின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டு ஆறு தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானை 2-0 என வென்றதும் எதிரே அரையிறுதி. கோல்கீப்பர் தங்கராஜ் காய்ச்சலில் படுத்திருந்தார். அவர் இடத்தில் பிரத்யுத் பர்மன் காவல் காத்தார். ரஹீமுக்கோ புற்றுநோய்.

போர்க்கோட்பாட்டாளர் கிளாஸ்விட்ஸ், 1832இல் வெளிவந்த தன் நூலில், போரில் மிக எளிய காரியமும் கடினமாகிவிடுகிறது என்பதை விரிவாக விளக்குகிறார். திட்டத்தில் இல்லாத மழை, நோய், தவறிய செய்தி, களைப்பு எல்லாம் சேர்ந்து இயந்திரத்தின் உராய்வு போலப் படையைத் தடுக்கின்றன. நல்ல தலைவன் உராய்வு வராமல் காப்பவன் அல்லன். வந்தபின் மிச்சமிருப்பதைக் கொண்டு வேறொரு படையைக் கட்டுபவன். ஜகார்த்தாவில் ரஹீம் கட்டினார். தையல் போட்ட தலையோடு ஜர்னைலைத் தடுப்பரணில் நிறுத்துவது ஆபத்து. வெளியே உட்கார வைப்பது இழப்பு. இளமையில் முன்களத்தில் ஆடிய பழக்கம் அவருக்கு உண்டு. ரஹீம் அவரை சென்டர் ஃபார்வர்டாக முன்னே அனுப்பி, தடுப்பரணின் நடுவை அருண் கோஷிடம் ஒப்படைத்தார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிரான 3-2 வெற்றியில் ஜர்னைலும் ஒரு கோல் போட்டார்.

எதிர்பாராத இடத்தில் எதிர்பாராத ஆளை நிறுத்துவதற்குப் போர்நூல்களில் தனி மதிப்பு உண்டு. முதல் ஆட்டத்தில் கொரியர்கள் பார்த்த ஜர்னைல் ஒரு தடுப்பாட்டக்காரர். செப்டம்பர் 4 அன்று இறுதியாட்டத்தில் அவர்களுடைய கோலை நோக்கி வந்த ஜர்னைல் வேறு ஆள். அவருக்கு யார் காவல் என்று முன்கூட்டியே தீர்மானிக்க அவர்களிடம் அனுபவம் இல்லை.

அன்றைய சூழலும் போர்க்களம் போன்றதே. இஸ்ரேலையும் தைவானையும் போட்டியிலிருந்து விலக்கியதை இந்தியாவின் ஜி.டி. சோந்தி கேள்வி கேட்டிருந்ததால் ஜகார்த்தா மக்கள் கோபத்தில் இருந்தார்கள். செனயான் ஸ்டேடியத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். இந்திய அணிக்கு எதிராகக் கூச்சல். ஆட்டத்துக்கு முந்தைய இரவு ரஹீம் வீரர்களை அழைத்துத் தங்கத்தைத் தனக்குப் பரிசாகத் தர வேண்டும் என்று கேட்டதாக வீரர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜ் கோலுக்குத் திரும்பினார். உயரப் பந்துகளை நம்பும் கொரியர்களுக்கு எதிராக அவருடைய உயரம் தேவைப்பட்டது. 17ஆம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜி முதல் கோல். 20ஆம் நிமிடத்தில் ஜர்னைல் சிங் இரண்டாவது. கொரியா ஒரு கோலைத் திருப்பியபோது ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. 2-1.

அடுத்த ஆண்டு ஜூன் 11 அன்று ரஹீம் காலமானார். வயது 53.

கோட்டைக் காவல்

தாக்குதலைப் பற்றியே பேசும் வழக்கத்தில் தடுப்பாட்டம் இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. ஆனால் பலம் குறைந்த அணிக்குக் காவல்தான் முதல் கலை. தமிழ்ப் புறத்திணை மரபு முற்றுகைக்கு உழிஞை என்றும் மதில் காத்தலுக்கு நொச்சி என்றும் பெயரிட்டு, இரண்டுக்கும் சம மதிப்புக் கொடுத்தது. நொச்சிக்கு ஹைதராபாத்தைவிடச் சிறந்த பாடப்புத்தகம் கிடையாது. கோல்கொண்டா ஊரின் மேற்கே நிற்கிறது.

கோட்டையின் வெளிமதிலில் 87 கொத்தளங்கள். அவை அரைவட்டமாக முன்னே துருத்தி நிற்பதால் மதிலடிக்கு வரும் எதிரியை இரு பக்கத்திலிருந்தும் அடிக்க முடியும். உள்ளே இன்னொரு மதில். குன்றின் மேல் பாலா ஹிசார். வாயிலுக்கு நேர் எதிரே ஒரு மறைச்சுவர் இருக்கிறது. யானையை ஓடவிட்டுக் கதவை இடிப்பது அந்தக் காலத்து வழக்கம். மறைச்சுவரைச் சுற்றித் திரும்பி வரும் யானைக்கு ஓடி மோத இடமே இருக்காது. எதிரியை முற்றிலும் நிறுத்துவதைவிட அவனுடைய வேகத்தைப் பறிப்பதே இந்தக் கட்டுமானத்தின் நோக்கம்.

இன்றைய கால்பந்தில் தன் கோலுக்கு அருகே இரண்டு வரிசையாக அடர்ந்து நிற்கும் அணி செய்வதும் இதுவே. நால்வர் ஒரு வரிசை, முன்னால் இன்னொரு நால்வர் அல்லது ஐவர். நடுவழி அடைக்கப்பட்டிருப்பதால் தாக்குபவர் பக்கவாட்டில் சுற்றிப் போக வேண்டும். சுற்றிப் போவதற்குள் வேகம் போய்விடும். அங்கிருந்து தூக்கிப் போடும் பந்தைத் தலையால் விலக்குவது, ஓடிவரும் வீரரைத் தடுப்பதைவிட எளிது.

இந்தக் காவல் எப்படி உடைகிறது என்பதற்கும் கோல்கொண்டாவே சாட்சி. 1687இல் ஔரங்கசீப்பின் படை எட்டு மாதங்கள் மோதியது. சுரங்கங்கள் தவறாக வெடித்து முகலாயர்களையே கொன்றன. மழை, வெள்ளம், பஞ்சம் எல்லாம் முற்றுகையிட்டவர்களை வாட்டின. கடைசியில் பீரங்கியால் மதில் விழவில்லை. உள்ளிருந்த ஒரு தளபதி விலைபோய், இரவில் ஒரு வாயிலைத் திறந்துவிட்டார். அப்துர் ரசாக் லாரி என்ற வீரர் உடலெங்கும் காயத்தோடு அந்த வாயிலில் போரிட்டும் பயனில்லை. கால்பந்து வீரர் யாரும் விலைபோனார் என்பது இங்கே பொருளன்று. அடர்ந்த தடுப்பரண் முழுவதுமாகத் தளர்ந்து உடைவது அரிது. ஒருவர் ஓர் அடி முன்னே வந்து பந்தைப் பறிக்க முயல்வார். அவர் விட்டு வந்த இடம்தான் வாயில். தாக்கும் அணி எண்பது நிமிடம் பக்கவாட்டில் பந்தைத் தள்ளிக்கொண்டிருப்பது அந்த ஒருவரின் பொறுமை தீருவதற்காகத்தான். பார்வையாளருக்கு அது சலிப்பாக இருக்கும். முற்றுகை எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

வெட்சியும் கரந்தையும்

ஆநிரை கவர்வது வெட்சி. கவரப்பட்டதை உடனே துரத்தி மீட்பது கரந்தை. புறப்பொருள் வெண்பாமாலை இவற்றைத் தனித்தனித் திணைகளாகவே வகுத்தது. பெரும்போர்களைப் பற்றிய ஐரோப்பியக் கோட்பாடுகளைவிட இந்தப் பாகுபாடு இன்றைய கால்பந்துக்கு நெருக்கமானது. நவீனப் பயிற்சியாளர்கள் ஓர் ஆட்டத்தை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள்: பந்து நம்மிடம் இருக்கும் நிலை, எதிரணியிடம் இருக்கும் நிலை, பந்து கைமாறும் இரண்டு கணங்கள். கடைசி இரண்டில்தான் பல கோல்கள் பிறக்கின்றன. பந்தைப் பறித்தவுடன் எதிரணி இன்னும் விரிந்து கிடக்கும். அந்தச் சில நொடிகள் வெட்சி. பந்தை இழந்தவுடன், பறித்தவர் தலை நிமிர்ந்து பார்ப்பதற்குள் மூவர் அவரைச் சூழ்ந்துகொள்வது கரந்தை. ஜெர்மானியப் பயிற்சியாளர்கள் இதை ஒரு முறையாக்கி உலகெங்கும் பரப்பினார்கள். ஆநிரைக்கும் பந்துக்கும் ஒரு முக்கிய ஒற்றுமை உண்டு: நிலத்தைப் பிடிப்பது அங்கே இலக்கில்லை, ஓடும் பொருளைக் கைப்பற்றுவதே இலக்கு.

ஆட்களை முன்னே குவிப்பதற்கும் பந்தைப் பறித்துப் பாய்வதற்கும் இடையிலான மோதலை இந்தியா ஒரே ஆட்டத்தில் பார்த்தது. 1997 ஜூலை 13, கல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியம், ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. 1,31,000 பேர் திரண்டார்கள். மோகன் பகானுக்கு அமல் தத்தா வகுத்த 'டயமண்ட்' வியூகம், ஆட்களை முன்னே குவித்து எதிரணிகளை அடித்து நொறுக்கிக்கொண்டு வந்தது. எதிரே ஈஸ்ட் பெங்கால்; அதன் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி, ஜகார்த்தாவில் முதல் கோல் போட்ட அதே ரஹீம் மாணவர். மோகன் பகான் முன்னேறி வரும்போது பின்னால் விட்டுவந்த வெளியில் அவர் அணி பாய்ந்தது. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல். ஈஸ்ட் பெங்கால் 4-1. குவிப்பு எங்கோ ஓரிடத்தில் ஆள் குறைவையும் உண்டாக்குகிறது என்பது லான்செஸ்டர் கணக்கின் மறுபக்கம்.

பொருந்தாத இடங்கள்

போர்க்கலையைக் கால்பந்தில் பொருத்துவோர் அடிக்கடி மறப்பது ஆஃப்சைடு விதியை. எதிரியின் வரிசைக்குப் பின்னால் போய்க் காத்திருப்பது குதிரைப்படையின் கனவு. கால்பந்தில் அது குற்றம். தடுப்பாட்டக்காரர்கள் ஓர் அடி முன்னே நகர்ந்தால் தாக்குபவரும் பின்னே வர வேண்டும். அதாவது காவல் வரிசை தானே எல்லைக்கோட்டை வரைகிறது. எந்தப் படைக்கும் கிடைக்காத வசதி இது. அதனால் சுற்றிவளைப்பைப் பற்றிப் போர்நூல்கள் சொல்வதில் பாதி, கால்பந்தில் நேரத்தைப் பற்றிய பாடமாக மாறிவிடுகிறது: எங்கே நிற்பது என்பதைவிட, பந்து புறப்படும் கணத்தில் எங்கே இருப்பது. திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்ற மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. கால்பந்து பயில்வோர் நடுவில் உள்ளதில் அதிக நாள் தங்க வேண்டும்.

இன்னொரு வேறுபாடு பெரிது. போரில் எதிரியின் பலத்தை அழிக்கலாம். கால்பந்தில் தோற்கும் அணியும் பொதுவாகக் கடைசி விசில் வரை பதினொருவரோடு நிற்கும். எனவே தேய்மானப் போரின் கருத்துகள் இங்கே களைப்பு என்ற அளவில்தான் செல்லும். எதிரணி வீரரை எதிரியாகவே கருதும் மனநிலையையும் போர்மொழி எளிதில் கூட்டிவந்துவிடுகிறது. காயப்படுத்துவதைத் தந்திரம் என்று இளம் வீரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர் போர்க்கலையையும் அறியாதவர், கால்பந்தையும் அறியாதவர்.

உணவும் ஊதியமும்

வியூகத்தைப் பற்றி எழுதப்படும் அளவுக்கு வழங்கல் பற்றி எழுதப்படுவதில்லை. சோறும் வெடிமருந்தும் வந்து சேராத படைக்கு வியூகம் உதவாது. இதை அண்மையில் ஹைதராபாத்தே கண்டது. 2019இல் தொடங்கிய ஹைதராபாத் எஃப்சி, ஸ்பானியப் பயிற்சியாளர் மனோலோ மார்கெஸின் கீழ் 2021-22 இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) பருவத்தில் கோப்பையை வென்றது. அணியின் முன்கள வீரர் ஒக்பெச்சே அந்தப் பருவத்தில் 18 கோல் போட்டார். 2022 மார்ச் 20 அன்று கோவாவின் ஃபதோர்டாவில் நடந்த இறுதியாட்டத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் முந்தியிருந்தபோது, மாற்று வீரராக இறங்கிய சாஹில் தவோரா 88ஆம் நிமிடத்தில் சமன் செய்தார். சேமப்படையைக் கடைசி வரை பத்திரப்படுத்தியதன் பலன் அது. பெனால்டி ஷூட்அவுட்டில் கோல்கீப்பர் லக்ஷ்மிகாந்த் கட்டிமணி மூன்று உதைகளைத் தடுத்தார், 3-1.

இரண்டே ஆண்டுகளில் நிதி நெருக்கடி வந்தது. ஊதியம் தடைபட்டு, வெளிநாட்டு வீரர்களும் அனுபவசாலிகளும் விலகினார்கள். 2023-24 பருவத்தில் இளைஞர்களை மட்டும் நம்பி ஆடிய அணி 22 ஆட்டங்களில் ஒன்றை மட்டும் வென்று கடைசி இடத்தில் முடித்தது. 2025இல் அணி டெல்லிக்கே போய்விட்டது. அந்த இளைஞர்கள் ஆடிய ஆட்டத்தில் உழைப்புக்குக் குறைவில்லை. அவர்களுக்குப் பின்னால் வரவேண்டிய வண்டிகள் வரவில்லை.

ரஹீமின் படையும் ஒரு வகையில் இதே இழப்பைச் சந்தித்தது. படைகள் தங்கள் அனுபவத்தைக் கையேடாக எழுதி, கல்லூரிகளில் கற்பித்து, தளபதி இறந்தாலும் முறை இறக்காமல் பார்த்துக்கொள்கின்றன. ரஹீம் 1943 முதல் இறக்கும் வரை ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராகவும் இருந்தார். பள்ளி மைதானம், கிளப், போலீஸ் அணி, தேசிய அணி எல்லாம் அந்த ஒருவரின் வழியாக இணைந்திருந்தன. அவருடைய முறை பெரும்பாலும் மாணவர்களின் நினைவில் மட்டும் மிஞ்சியது. அந்த நினைவுக்கும் பலன் இருந்தது: 1970 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஹைதராபாத்தின் சையது நயீமுத்தீன் தலைமையில் இந்தியா வெண்கலம் பெற்றபோது பயிற்சியாளர்களில் ஒருவர் பி.கே. பானர்ஜி. அதன்பின் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கால்பந்துப் பதக்கம் இந்தியாவுக்குக் கிடைக்கவில்லை. 1956-57, 1957-58 ஆண்டுகளில் ஹைதராபாத்தும் 1965-66இல் ஆந்திரப் பிரதேசமும் வென்ற சந்தோஷ் கோப்பை அதற்குப் பிறகு இந்த ஊருக்குத் திரும்பவில்லை. 2024 டிசம்பர் 31 அன்று அதன் இறுதியாட்டம் கச்சிபௌலி ஸ்டேடியத்தில் நடந்தது. ஆடியவை மேற்கு வங்கமும் கேரளமும்.